யார் கட்டிய நூல்?

"முக்தஹான்... முக்தஹான்! பாலம் தாண்டிப் போறவங்க மூணாவது மேடைக்கு வாங்க. பாஸ்போர்ட்டைக் கையில வச்சுக்குங்க. மூட்டைக்கு அடியில திணிச்சுட்டுப் பாலத்துக்கிட்ட வந்து தேடாதீங்க. டிரைவர் தவோனுக்குப் பொறுமை கிடையாது!"

ஒலிபெருக்கி கரகரத்து அடங்கியது. மூன்றாவது மேடையில் நின்ற பேருந்துக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"பொறுமை இல்லாதவனா இத்தனை நேரமா இந்தக் கதவோட மல்லுக்கட்டறான்? கம்பி ஒண்ணு இருந்தா குடுக்கா!"

சவன்னாகேத் பேருந்து நிலையத்தில் அது வழக்கமான காலை. ஒரு பக்கம் மலைக் கிராமங்களுக்குப் போகும், பின்னால் பெஞ்சு போட்ட சிறு லாரிகளில் உர மூட்டை, கோழிக் கூடை, மனிதர்கள் என்று எல்லாம் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. நடுவில் தலைநகரான வியந்தியானுக்கும் பாக்சேவுக்கும் போகிற பெரிய பேருந்துகள் உறுமிக்கொண்டிருந்தன. இந்தக் கோடியில் மேகோங் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் தாய்லாந்தின் முக்தஹானுக்குப் போகிற பேருந்து. அந்த மேடையின் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவள் லத்தனா. டிக்கெட் கொடுப்பது, மைக்கில் கூவுவது, சண்டை வந்தால் விலக்குவது எல்லாம் அவள்தான். சண்டையைச் சில நாள் அவளே ஆரம்பித்தும் வைப்பாள்.

தவோன் அவளை ஜன்னல் மகாராணி என்பான். பேருந்தின் பின்னால் சாமான் வைக்கிற பெட்டியின் கதவு இன்று பூட்டிக்கொள்ள மறுத்தது. கதவு ஆடிக்கொண்டு போனால் பாலத்தில் சுங்கக்காரர்கள் ஓரங்கட்டி நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் இந்தத் தாமதம்.

லத்தனா கம்பியைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசனைத் தைல மணம் முன்னால் வந்தது. பின்னாலேயே சந்தாலி வந்தாள்.

"என்ன லத்தனா, இளைச்சுட்டே! தவோன் உனக்குச் சாப்பாடு போடறதில்லையா?"

"அவன் என்னைத் தின்னாம இருந்தா போதாதாக்கா?"

சந்தாலி கலகலவென்று சிரித்தாள். ஐம்பதைத் தாண்டியவள். கரை போட்ட பட்டுப் பாவாடை, படிய வாரிய கொண்டை, கையில் எப்போதும் ஏதாவது தின்பண்டம். இன்று மூங்கில் குழாயில் சுட்ட இனிப்புச் சோறு. நிலையத்தில் அவளை எல்லோருக்கும் பிடிக்கும். அக்கரையில் வேலைக்குப் போகிற பெண்களைக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டு வருவாள். "பாவம், தனியாப் போனா பயப்படுங்க" என்பாள்.

இன்றும் ஒரு பெண் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள். புதுச் சட்டை, பழைய ரப்பர் செருப்பு. கண்ணாடியில் தெரியும் தன் முகத்தையே யாரோ என்று பார்க்கிற பார்வை. இரண்டு மணிக்கட்டிலும் வெள்ளை நூல்கள் கற்றையாகக் கட்டியிருந்தன.

லத்தனாவின் கண் அந்த நூலில்தான் முதலில் விழுந்தது. விழுந்ததும் மனசு இளகியது.

வீட்டை விட்டு ஒருவர் தூரம் போவதென்றால் பெரியவர்கள் கூடி, உடம்பில் குடியிருப்பதாக நம்பும் முப்பத்திரண்டு உயிர்களையும் பெயர் சொல்லி அழைத்து, எதுவும் வழிதவறாமல் கூடவே இருக்கட்டும் என்று வாழ்த்தி ஆளுக்கொரு நூல் கட்டுவார்கள். அந்தக் கையைப் பார்த்தாலே போதும். இந்தப் பிள்ளைக்கு ஆட்கள் இருக்கிறார்கள், அழுதும் வாழ்த்தியும் வழியனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் போய் எங்கே போகிறாய், யாருடன் போகிறாய் என்று துருவுவது அநாகரிகம். வாழ்த்துத்தான் சொல்ல வேண்டும்.

லத்தனா அதைத்தான் செய்தாள். டிக்கெட்டை நீட்டும்போது அந்தப் பெண்ணின் மணிக்கட்டை லேசாகத் தொட்டு, "நோய் நொடி இல்லாம இரு, நெனைச்சது நடக்கட்டும்" என்றாள். எத்தனையோ பெண்களுக்குச் சொன்ன அதே வாழ்த்து.

சந்தாலியின் போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் அவள் முகத்திலிருந்த சிரிப்பு மடங்கிக்கொண்டது.

"இவளைக் கொஞ்சம் பாத்துக்கோ. இங்க ஒரே சத்தம்" என்று சொல்லிவிட்டு வெளிவாசல் பக்கம் நடந்தாள்.

பெண் ஜன்னலுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் மணிக்கட்டைச் சொறிய ஆரம்பித்தாள்.

"இழுக்காதே, இழுக்காதே!" என்றாள் லத்தனா. "மூணு நாளாவது இருக்கணும். அப்புறம் பொறுமையா முடிச்சை அவுக்கணும், அறுக்கக் கூடாது. சரி, உம் பேரென்ன?"

பெண் வெளிவாசலைப் பார்த்தாள். பிறகு, "மாலிதோங்" என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

லத்தனாவுக்குச் சுருக்கென்றது. சற்றுமுன் சந்தாலி நீட்டிய பாஸ்போர்ட்டில் வேறு பெயர் இருந்தது. ஆனால் வீட்டில் ஒரு பெயர், தாளில் ஒரு பெயர் என்பது ஊரில் புதிதா? அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, எல்லோரும் கேட்கிற சாதாரணக் கேள்வி ஒன்றைக் கேட்டாள்.

"இதுல அம்மா கட்டினது எது? அதை மட்டும் கடைசியா அவுத்துக்கோ. நான் அப்படித்தான் செஞ்சேன்."

மாலிதோங் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேடுகிற பார்வை இல்லை அது. சும்மா பார்த்தாள்.

"அம்மா கட்டலை."

"அப்போ அப்பா?"

"இல்ல. எல்லாம் அத்தை கட்டினது."

"எல்லாமேவா?"

"வண்டியில வரும்போது. ஒரு நூல்கண்டு வாங்கிட்டு வந்திருந்தாங்க. நூல் இல்லாமப் போனா ஸ்டேஷன்ல கண்டவங்களும் கேள்வி கேப்பாங்களாம்."

லத்தனாவின் கையில் கம்பி தட்டுப்பட்டது. அதை எடுத்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அவங்க உனக்குச் சொந்த அத்தையா?"

"ஊருக்கு வந்தாங்க. எல்லாரும் அத்தைன்னுதான் கூப்பிட்டாங்க."

"எந்த ஊரு?"

"நோங் மலைக்கு மேல."

"நீ கிளம்பினது அம்மாவுக்குத் தெரியுமா?"

"போய்ச் சேந்ததும் அத்தையே போன் பண்ணிச் சொல்லுவாங்களாம். முன்னாடியே சொன்னா அம்மா அழும், அழுதா பயணம் கெட்டுடும்னாங்க."

"என்னம்மா வேலை?"

"முதல்ல சாப்பாட்டுக் கடைன்னாங்க. நேத்து பாட்டுக் கடைன்னு சொன்னாங்க. எனக்குப் பாடத் தெரியாதேன்னேன்." மாலிதோங் கொஞ்சம் சிரித்தாள். "பாடவே வேணாம், சும்மா உக்காந்திருந்தா போதும்னாங்க."

அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் லத்தனா எழுந்தாள். "இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் பின்னால் போனாள்.

தவோன் கதவுக்குத் தோளைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தான். "வந்துட்டியா! கொண்டா" என்று கம்பியை வாங்கினான்.

"தவோன், இத்தனை வருஷமா சந்தாலியக்கா கூட்டிட்டுப் போன பொண்ணுங்கள்ல ஒருத்தியாவது உன் வண்டியில திரும்பி வந்திருக்காளா?"

"என்ன திடீர்னு?"

"சொல்லு."

அவன் யோசித்தான். "நான் டிரைவர்க்கா. ரோட்டைப் பாப்பேனா, மூஞ்சியைப் பாப்பேனா? அந்தம்மா மட்டும் சாயங்காலமே கைய வீசிட்டு வந்துடும். என்னத்துக்குக் கேக்கறே?"

அந்த மேடையின் ஏற்பாடே அப்படித்தான். போகிறவர்கள் லத்தனாவின் ஜன்னலுக்கு முன்னால் நின்று போவார்கள். வருகிறவர்கள் பின்வாசலில் இறங்கி, அப்படியே ஆட்டோ பிடித்துப் போய்விடுவார்கள். அனுப்பியது மட்டும்தான் அவள் கண்ணுக்குத் தெரியும். திரும்பாதவர்கள் பின்வாசலில் இறங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு வசதியாக இருந்தது!

அவள் நூல் விஷயத்தைச் சொன்னாள். தவோனின் வாயிலிருந்த கேலி வடிந்துபோனது. ஆனாலும் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "நமக்கெதுக்குக்கா வம்பு? பாஸ்போர்ட் இருக்கு, டிக்கெட் இருக்கு. தப்பா ஏதாச்சும் சொல்லி, அது இல்லேன்னு ஆயிட்டா? அந்தம்மாவுக்கு நாலு பெரிய மனுஷங்களைத் தெரியும். உன் ஜன்னல் போயிடும்."

"போகும்தான்."

"பாலத்துல ஆபீசர்ங்க இருக்காங்க. கேக்க வேண்டியதை அவங்க கேப்பாங்க."

"அவங்களும் இந்தக் கையத்தானே பாப்பாங்க, தவோன்?"

அவன் கதவுப் பக்கம் திரும்பினான். கம்பியை முறுக்கினான். கதவு 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. இத்தனை நேரமாக அவன் வேண்டிக்கொண்டிருந்த சத்தம் அது. இப்போது இருவருக்குமே அது பிடிக்கவில்லை.

லத்தனா திரும்பி வந்தபோது சந்தாலி பெஞ்சருகே நின்றிருந்தாள். மாலிதோங்கின் முழங்கையை ஒரு கை பிடித்திருந்தது.

"வண்டி சரியாயிடுச்சு போலிருக்கே. நாங்க ஏறிக்கறோம்" என்றாள். சிரிப்பு அப்படியேதான் இருந்தது. கண் மட்டும் லத்தனாவின் முகத்தை அளந்தது. "என்ன பேசிட்டிருந்தீங்க ரெண்டு பேரும்?"

"சும்மாதான்."

போலீஸ்காரர் நிலையத்தின் மறுகோடியில், வியந்தியான் வண்டிகள் பக்கம் இருப்பார். அவரைத் தேடிப் போய்த் திரும்புவதற்குள் சந்தாலி பெண்ணை ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மறைந்துவிடலாம். மைக்கில் அழைத்தால் அவளுக்கும் கேட்கும். பேருந்துப் படியில் மாலிதோங்கின் ரப்பர் செருப்பு ஏறிவிட்டால், அப்புறம் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் மாலிதோங் என்று ஒருத்தி இல்லை. பாஸ்போர்ட்டில் இருக்கும் யாரோ ஒருத்திதான் இருப்பாள்.

லத்தனா ஜன்னல் பலகையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். வெளியே வந்தாள். மாலிதோங்கின் கையைப் பிடித்தாள். கட்டிய நூலைக் கத்தரிப்பது பெரும் பாவம் என்று நம்பி வளர்ந்தவள் அவள். இந்த நொடியிலும் நம்பினாள். நம்பிக்கொண்டே வெட்டினாள்.

வெள்ளை நூல்கள் கொத்தாகத் தரையில் விழுந்தன.

"அய்யய்யோ!" என்று முதலில் அலறியவள் பெங். எதிரே நீள ரொட்டிக்குள் இறைச்சியும் மூலிகையும் வைத்து விற்பவள். "அடிப்பாவி லத்தனா! உனக்குப் பைத்தியமாடி பிடிச்சிருக்கு?"

அந்த அலறல் ஒலிபெருக்கியைவிட நன்றாக வேலை செய்தது. பேருந்தில் ஏறி உட்கார்ந்தவர்கள் இறங்கி வந்தார்கள். கிராமத்து வண்டிகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. சற்று நேரத்தில் மேடையைச் சுற்றிக் கூட்டம்.

"பயணம் போற புள்ளையோட நூலையா அறுத்தே?"

"உம் புள்ளையா இருந்தா செய்வியா?"

சந்தாலி விடவில்லை. மார்பில் அடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா! ஊர்ப் பெரியவங்க எல்லாம் கூடி உயிரழைச்சுக் கட்டின நூலு! இந்தக் குழந்தைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? நான் பேச வேண்டிய இடத்துல பேசிக்கறேன். நீ வா கண்ணு, நாம போலாம்."

கூட்டம் வழிவிட்டது. அந்த நிமிஷத்தில் நிலையமே சந்தாலியின் பக்கம் இருந்தது.

"பாவம்னா அந்தப் பாவம் எனக்கு!" லத்தனா கத்தினாள். "ஆனா அந்த நூலை யார் கட்டினாங்கன்னு அவளையே ஒரு தடவ கேளுங்க. ஒரே ஒரு தடவ. கேட்டுட்டு என்னை என்ன வேணாலும் செய்ங்க!"

யாரும் கேட்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டு விஷயம். கேட்பது மரியாதையா?

மாலிதோங் குனிந்து, தரையில் கிடந்த நூல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெங்தான் கடைசியில் வாயைத் திறந்தாள். ரொட்டி வெட்டுகிற கத்தி கையிலேயே இருந்தது. "இந்தா பொண்ணு. இவ உளர்றாளான்னு எனக்குத் தெரியணும். யாரும்மா கட்டினாங்க?"

"குழந்தைய மிரட்டாதே!" என்றாள் சந்தாலி.

"நான் உன்னைக் கேக்கலை. அவளக் கேட்டேன்."

மாலிதோங்கின் உதடு அசைந்தது. "இவங்கதான். வண்டியில வச்சு."

"ஊர்ப் பெரியவங்க?"

"யாரும் இல்ல. அம்மாவுக்கே தெரியாது." அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்தது உடைந்தது. "எனக்கு அம்மாகிட்ட பேசணும்."

கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர் குனிந்து நூல்களைப் பொறுக்கினார். முக்தஹான் ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போகிறவர். கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "பத்துப் பேர் கட்டினா பத்து மாதிரி முடிச்சு இருக்கும். இது எல்லாம் ஒரே கை போட்ட முடிச்சு" என்றார்.

சந்தாலி சிரிக்கப் பார்த்தாள். "வாழ்த்தறதுக்கு ஒரு கை போதாதா தாத்தா? நேரமாச்சு. தவோன், வண்டிய எடு."

தவோன் பேருந்தில் ஏறினான். அவன் சாவியைத் திருகினான், உருவினான், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான்.

"வண்டி ரிப்பேர்" என்றான்.

"இப்பத்தானே சரியாச்சுன்னே?"

"அது கதவு. இது டிரைவர்."

"எனக்கு டாக்டரைப் பாக்கணுமேப்பா" என்று பெரியவர் முனகினார். பிறகு மாலிதோங்கைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, கண்ணு எங்கேயும் ஓடிடாது" என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

சந்தாலி பெண்ணின் முழங்கையை விட்டுவிட்டு வெளிவாசல் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். அங்கே பெங் நின்றிருந்தாள். "எங்க போறே? ரொட்டி சாப்பிட்டுட்டுப் போயேன்." அதற்குள் கூச்சலைக் கேட்டுப் போலீஸ்காரரும் வந்து சேர்ந்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் எளிது. நோங் மலைக்குப் போகிற பெஞ்சு வண்டியின் ஓட்டுநரிடம் அந்த ஊர்த் தலைவரின் எண் இருந்தது. போலீஸ்காரர் அழைத்தார். தலைவர் யாரையோ ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் மறுமுனையில் ஒரு பெண்குரல் மூச்சு வாங்கியது.

"கிழங்கு புடுங்கத் தோட்டத்துக்குப் போயிருக்கான்னு நெனைச்சேனே... மாலி, சோறு தின்னியாடி?"

அவ்வளவுதான் கேட்டாள் அந்தத் தாய். மாலிதோங் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தேம்பினாள். சுற்றியிருந்த பெண்கள் தோள் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மா வந்து அழைத்துப் போகும்வரை மகளிர் சங்கத்துக்காரர்கள் அவளை வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று.

சந்தாலியைப் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். ஏறுமுன் அவள் லத்தனாவின் ஜன்னலருகே நின்றாள். இப்போது முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை.

"நான் கூட்டிட்டுப் போன ஒவ்வொருத்தியையும் நீயும்தான் கையத் தொட்டு வாழ்த்தி அனுப்பினே. என்னை மட்டும் ஏத்தறாங்க பாரு."

அவள் போய்விட்டாள். அந்த வார்த்தை போகவில்லை.

லத்தனா மைக்கை எடுத்தாள், வைத்தாள். ரோஜாப் பூப் போட்ட சட்டைக்காரி, எந்நேரமும் மெல்லிக்கொண்டேயிருந்த ஒருத்தி, "அக்கா, பாலத்துலேருந்து ஆறு தெரியுமா?" என்று ஆசையாகக் கேட்ட ஒருத்தி. முகங்கள் ஒவ்வொன்றாக வந்து ஜன்னலுக்கு முன்னால் நின்றன. ஒருத்தியின் பெயரும் அவளுக்குத் தெரியாது.

தவோன் ஒரு கரும்புச்சாற்றுப் பையைக் கொண்டுவந்து வைத்தான். "குடிக்கா. மனசுல போட்டுக் குழப்பிக்காதே. நமக்கென்ன தெரியும்? தெரிஞ்சிருந்தா விட்டிருப்போமா?"

"தெரியாதுன்னு சொல்லாதே, தவோன்."

"பின்னே?"

"நாம கேக்கலை. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். இந்தப் பொண்ணு பொய் சொல்லலியே, பொத்தி மறைக்கலியே. கேட்ட உடனே சொல்லிட்டா. அவளுங்களும் சொல்லியிருப்பாளுங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போலீஸ்காரர்கிட்ட நான் பாத்தது அத்தனையும் சொல்லப் போறேன். எந்த மாசம், எந்த மாதிரி சட்டை, நெனைவுல இருக்கற எல்லாமே. நீயும் வா."

தவோன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தான். "சாயங்கால ட்ரிப் முடிச்சுட்டு வரேன்" என்றான்.

மறுநாள் காலை. ஜன்னலுக்கு முன்னால் வரிசை நீண்டிருந்தது. ஓர் இளைஞன் டிக்கெட் கேட்டுக் கையை நீட்டினான். மணிக்கட்டில் வெள்ளை நூல்கள்.

"யாருப்பா கட்டினாங்க?" என்றாள் லத்தனா.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "இது அம்மா, இது சித்தப்பா. இந்தக் கோணல் முடிச்சு என் தங்கச்சி. இது பக்கத்து வீட்டு மாமா, அவர் அழுதுட்டே கட்டினாரு. இது..."

"அடடா, ஒரு டிக்கெட்டுக்கு ஊர்க் கதையே கேக்கறாங்கப்பா!" வரிசையின் பின்னாலிருந்து ஒருவர் சலித்துக்கொண்டார். "உனக்கு எதுக்கும்மா அடுத்தவங்க வீட்டு வம்பு? டிக்கெட்டைக் குடு, நேரமாகுது."

லத்தனா இளைஞனிடம் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றாள். மைக் அணைந்திருந்தது. ஆனாலும் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

"வம்புன்னே வச்சுக்குங்க. பொண்ணுங்களை ஏமாத்திக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு நான் குடுக்கற டிக்கெட் பெரிசில்லங்க. 'நமக்கெதுக்கு'ன்னு நாம எல்லாரும் வாய மூடிக்கறோம் பாருங்க, அந்த மௌனத்துலதான் அவங்க பாலத்தைத் தாண்டறாங்க. ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டா ஒரு புள்ள வீட்டுக்குத் திரும்பும். அடுத்தவங்க வாங்க. நீங்க யாரோட போறீங்க?"